மூன்றாவது சிலிண்டர்

அவருக்குப் பெயர் வைத்த அப்பாவைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'காது'. பட்டறை வாசலில் கார் திரும்பும்போதே, கையிலிருக்கும் வேலையை விடாமல், "பெல்ட் தேஞ்சிருக்கு", "சைலன்சர்ல ஓட்டை" என்று சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்து பார்த்தால் அது அப்படியேதான் இருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க முடியாத வண்டிகளுக்கு அவர் காதை விட்டால் வேறு வழி இல்லை.

அந்தக் காது ஐம்பத்திரண்டு வயதில் மந்தமாகத் தொடங்கியது. முதலில் போனை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றிக்கொண்டார். பிறகு இடப்பக்கமும் சரியாகக் கேட்கவில்லை. ஆண்கள் தாழ்ந்த குரலில் பேசினால் வாயைப் பார்த்துத் தலையாட்டினார். கரண்டி விழும் சத்தமும் மணிச் சத்தமும் நன்றாகத்தான் கேட்டன. அதனால் ஒன்றுமில்லை, சளி பிடித்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. பட்டறையிலும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, கணக்கு டீச்சர் தன் பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இருபத்தாறு வருஷத்து வண்டி. பின் சீட்டில் அவருடைய மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில இருந்து எங்க வீட்டுக்காரரை டிஸ்சார்ஜ் பண்றாங்க. கூட்டிட்டு வரணும். ரெண்டு நாளா இஞ்சின்ல ஏதோ சத்தம் வருது. ஒரு தடவை கேட்டுச் சொல்லிடுங்க."

அவர் பானெட்டைத் தூக்கினார். இஞ்சினை ஓடவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக் கேட்டார். மேலே டிக், டிக் என்று மெல்லிய சத்தம்.

"டேப்பட் சத்தம் டீச்சர். மேல வால்வுல கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான். வந்ததுக்கப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். தைரியமா போங்க."

டீச்சர் கிளம்பிப் போய் கால் மணி நேரம் இருக்கும். பக்கத்துக் கடை லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர் வண்டியை ஏம்ப்பா அனுப்பிட்ட?"

"டேப்பட்தானே."

"டேப்பட்டா? அடியில டொக்கு டொக்குன்னு இடிக்குது. என் லேத்து ஓடுறப்பவே எனக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அடியில் இடிக்கிறது என்றால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். சமதரையில் எப்படியோ ஓடும். மலை ஏற்றத்தில் இஞ்சின் முக்கி முக்கி இழுக்கும்போது ராடு முறிந்து இஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம் என்று இருக்கும் வளைவில் வண்டி அப்படியே நின்றால் பின்னால் வரும் லாரிக்கு யார் சொல்வது? எண்ணெய் கொட்டி டயரில் பட்டால்?

டீச்சரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது டீச்சர் எடுக்கமாட்டார். நான்கு தடவை போட்டுப் பார்த்தார். ஸ்பேனர் பையையும் நீளமான ஸ்க்ரூ டிரைவரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழி நெடுக, சாலை ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவர் உயிரை எடுத்தது. ஒரு வளைவில் கூட்டம் கூடியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மலை அடிவாரத்தில், ஏற்றம் தொடங்குவதற்கு முன் இருக்கும் கடைசி பெட்ரோல் பங்கில் அந்தக் கார் நின்றது. மாமியாரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போவதற்காக டீச்சர் நிறுத்தியிருந்தார். 'காது' மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காரை நோக்கி ஓடினார்.

"என்னண்ணே, இவ்வளவு தூரம்?"

"வண்டியை எடுக்காதீங்க டீச்சர். நான் சரியாப் பாக்கல."

"நீங்க கேட்டீங்களே?"

பங்க் ஆள், டீச்சர், டீச்சரைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார், மூவரும் அவரையே பார்த்தார்கள். இன்னொரு பொய் சொல்லலாம். 'திரும்ப யோசிச்சேன்' என்றால் நம்பிவிடுவார்கள். அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கேட்டேன். ஆனா எனக்கு இப்போ சரியாக் காது கேக்கறதில்ல. ஆறு மாசமா. யார்கிட்டயும் சொல்லல."

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"காதுக்கே காது கேக்கலையா? இது என்னடா கூத்து."

"அத்தே, சும்மா இருங்க," என்றார் டீச்சர். அவர் முகம் இறுகியிருந்தது. "இப்ப என்ன செய்யணும்?"

"உங்க காது எனக்கு வேணும்."

இஞ்சின் சூடாக இருந்தது, அது நல்லதுதான். சூட்டில்தான் இந்தக் கோளாறு வெளியே வரும். டீச்சரைப் பானெட் பக்கத்தில் நிறுத்தி, பங்க் ஆளை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். "இடிக்குதா?" "இடிக்குது." எந்த சிலிண்டரை நிறுத்தினால் இடி குறைகிறதோ, கோளாறு அதில்தான். முதல் பிளக்கின் வயரைப் பிடுங்கினார். இஞ்சின் நொண்டியது. "இப்ப?" "அப்படியேதான் இருக்கு." அதை மாட்டிவிட்டு இரண்டாவது. "அப்படியேதான்." மூன்றாவதைப் பிடுங்கியதும் டீச்சர் கையை உயர்த்தினார்.

"நின்னுடுச்சு. இல்ல, ரொம்பக் குறைஞ்சிடுச்சு."

"நல்லா கேட்டீங்களா?"

"நல்லாவே கேட்டேன். மறுபடி மாட்டுங்க. ஆங், வந்துடுச்சு."

அப்போதும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. இன்னொருவர் காதை நம்பி அவர் ஒரு வண்டியையும் பிரித்ததில்லை. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே பிளாக்கில் வைத்தார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார். டொக், டொக், டொக். யாரோ மண்டைக்குள் உட்கார்ந்து சுத்தியலால் அடிப்பது போல் இருந்தது. அத்தனை சத்தத்தையும் காலையில் காதில் வாங்காமல் அனுப்பியிருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சட்டென்று இஞ்சினை அணைக்கச் சொன்னார்.

டீச்சரும் மாமியாரும் பஸ்ஸில் மலை ஏறினார்கள். கிளம்பும்முன் டீச்சர் கார் சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

கயிறு கட்டி இழுத்து வந்து, மறுநாளே இஞ்சினின் அடியைப் பிரித்தார். எண்ணெயில் தூள் தூளாக உலோகம் மின்னியது. மூன்றாவது பேரிங் செம்பு தெரியும் வரை தேய்ந்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. லேத்துக்காரர் அதை வாங்கி விரல்களுக்கு நடுவில் திருப்பிப் பார்த்தார். "நாலு வளைவு தாண்டியிருக்காது," என்றார்.

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். மனைவி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் ஆறு மாசமா கத்திக் கத்தித்தானே பேசிட்டு இருக்கேன். எதிர்வீட்டுக்காரங்க நமக்குள்ள சண்டைன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்."

காது டாக்டர் தட்டினால் அதிரும் இசைக்கவையை எலும்பில் வைத்தும் காற்றில் பிடித்தும் சோதித்தார். நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே இருக்கும் சின்ன எலும்பு ஒன்று இறுகிப்போயிருக்கிறது, அதனால்தான் கனத்த சத்தம் முதலில் போனது என்றார். ஆபரேஷன் செய்யலாம். பெரும்பாலும் கேட்கும். சிலருக்கு இருப்பதும் போய்விடும். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குக் கணீரென்று கேட்டது. அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. பட்டறைக்கு வருபவர்களிடம், "எனக்குக் காது மந்தம், லேத்துக்காரரையும் கேக்கச் சொல்லி முடிவு பண்றேன்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சிலர் வேறு பட்டறைக்குப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வண்டியை எடுக்க வந்தார். அவருடைய கணவர் வீட்டில் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார்.

"மலை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம். நீங்களும் ஏறுங்கண்ணே."

டீச்சர் ஓட்டினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டாஷ்போர்டில் இருக்கும் எண்ணெய் எச்சரிக்கை விளக்கையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் வளைவில் டீச்சர் கியரைக் குறைத்தார். இஞ்சின் இழுத்தது. அவர் உள்ளங்கையைக் கதவில் பதித்துக்கொண்டார்.

"ஏதாவது கேக்குதா டீச்சர்?"

"இல்லண்ணே."

"கண்ணாடியை இறக்கிட்டுக் கேளுங்க."

டீச்சர் கண்ணாடியை இறக்கினார். இரண்டாவது வளைவு வந்துகொண்டிருந்தது.