இரண்டாவதாக வந்த பாடகி

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அடுக்ககத்துப் பிள்ளைகள் எல்லாரும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய்த் தமிழ் படித்தார்கள். நான் படித்தது அப்பாவின் காரில், ஓர் ஆங்கிலேய நாட்டுப்புற ராக் இசைக்குழுவின் வரலாற்றைக் கேட்டு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. காரில் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். அப்பாவுக்குக் காரில் பேசத் தெரிந்த விஷயமோ அந்தக் குழு ஒன்றுதான். நான் திக்காமல் திணறாமல் முழுசாகச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம், "டிரம்ஸ்காரர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்" என்பது.

இங்கிலாந்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த கதைப்பாடல்களை எடுத்து, அவற்றுக்கு எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் வயலினும் சேர்த்து உரக்க வாசித்தவர்கள் அவர்கள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத பாட்டு, தூக்கில் ஏறப்போகும் திருடன் ஊரிடம் விடைபெறும் பாட்டு, இப்படி எல்லாமே அழுகைதான். ஆனால் தாளம் மட்டும் கல்யாண வீட்டுத் தாளமாக இருக்கும். கோயமுத்தூரில் பொறியியல் படித்தபோது விடுதியில் அறைத்தோழன் ஒருவன் வைத்திருந்த கேசட்டில் கேட்டு அப்பாவுக்குப் பித்துப் பிடித்தது. அமெரிக்கா வந்தும் தெளியவில்லை.

அந்தக் குழுவில் யாரும் நிலைத்து இருந்ததில்லை. ஒரு சின்ன ஊரில் செருப்புக்கடை மாடியில் ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதல் இசைத்தட்டு வருவதற்குள் டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு போனார். வயலின்காரர் இரண்டு தடவை மாறினார். புல்லாங்குழல் வாசித்தவர் தேனீ வளர்க்கப் போனார், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தார், மறுபடியும் தேனீக்களிடமே போய்விட்டார். எந்தக் குரலுக்காகக் கூட்டம் வந்ததோ அந்தப் பாடகி, மூன்றாவது இசைத்தட்டு வெளிவந்த கையோடு விலகினார். அவருடைய இடத்துக்கு இன்னொரு பாடகி வந்தார். ஆரம்பித்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தவர் பேஸ் கிதார்காரர் ஒருவர்தான்.

முதல் பாடகி ஏன் போனார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் நீட்டி முழக்கிப் பதில் சொல்கிற அப்பா, இதற்கு மட்டும் கண்ணாடியைப் பார்த்து லேன் மாறிவிட்டு, "அது அவங்க விருப்பம் கண்ணு" என்பார். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா டெக்சாஸுக்குப் போனாள். முதலில் வேலைக்காகப் போனாள், அப்புறம் அங்கேயே இருந்துவிட்டாள். கோடை விடுமுறைக்கு நான் போய்வருவேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கிற வயது எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா கேள்வி கேட்பார். எந்த வயலின்காரர் யாருக்குப் பின்னால் வந்தார், எந்தப் பாட்டில் யார் இல்லை, யார் யாரிடம் பேசுவதை நிறுத்தினார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பேன். அவர் புருவத்தைத் தூக்கியதும் தமிழுக்கு மாறுவேன். தப்பே செய்ய மாட்டேன். இந்த உலகத்தில் அப்பாவும் நானும் மட்டும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது என்று எனக்கு அத்தனை கர்வம்.

எனக்குப் பத்து வயதானபோது அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் ஈரோட்டுக்காரர், பக்கத்தில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை. கோயிலில் தாலி கட்டி, கேண்டீனில் இட்லி சாப்பிட்டு, கல்யாணம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து வீடியோவில் பேசிய சொந்தக்காரர்கள் எல்லாம் சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள். நான் ஆன்ட்டி என்றே கூப்பிட்டேன். அடுத்த வீட்டு அம்மாவையும் அப்படித்தான் கூப்பிட்டேன் என்பதால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியவில்லை.

சண்டைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். அவர்தான் பிடி கொடுக்கவில்லை. என் அறைக்குள் கேட்காமல் வரமாட்டார். சாம்பாரில் எனக்குப் பிடிக்காத கத்தரிக்காயைப் போடமாட்டார். காரின் முன் சீட்டு மட்டும் அவருக்குப் போனது. அதையும்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்து, மூன்றாவது வயலின்காரர் எப்போது சேர்ந்தார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"புல்லாங்குழல்காரர் முதல் தடவை போனாரே, அதுக்கப்புறம்தானுங்க?"

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவின் பக்கத்தில் ஆன்ட்டி உட்கார்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பதிலைச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குச் சாமி கும்பிடும்போது அவருக்கு எல்லாம் மறந்துபோக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

சாமி கேட்கவில்லை. வாரத்துக்கு வாரம் அவருக்குத் தெரிந்தது கூடிக்கொண்டே போனது. ஒருநாள் பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்தபோது, அவருடைய காரில் யாரோ ஓர் ஆங்கிலேயர் அந்தக் குழுவின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ பாட்காஸ்ட். நான் கதவைத் திறந்ததும் ஆன்ட்டி சட்டென்று அதை நிறுத்தினார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் திருட்டுத்தனமாகப் படிக்கிறார் என்று தெரிந்துபோயிற்று. அப்பாவை வளைத்துப்போட இப்படி ஒரு வழியா என்று வியந்தேன். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

நானும் விடவில்லை. யாருக்கும் தேவையில்லாத கேள்விகளாகத் தேடிப்பிடித்து அவரிடம் கேட்டேன். அவர் தப்பாகச் சொன்னால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. அவரைத் திருத்துவதற்காகவே நான் நீளநீளமாகத் தமிழ் பேசினேன். அப்பா எங்களுக்கு நடுவில் நடுவர் மாதிரி, தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டுவார். அவர் யார் பக்கம் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு தடவை, முதல் பாடகிதான் நிஜமான பாடகி, அடுத்து வந்தவர் சும்மா நகல் என்று வேண்டுமென்றே சொன்னேன். ஆன்ட்டி மறுத்துப் பேசுவார், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"ஆமா கண்ணு, அந்தக் குரல் வேற யாருக்கும் வராது" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா ரெண்டாவதா வந்தவங்களும் பாவம்தான். எந்த ஊருக்குப் போனாலும் பழையவங்க பாட்டைத்தானே பாடச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

நான் சட்டத்தை மீறி ஆங்கிலத்தில் சொன்னேன், அப்படியானால் அவள் அந்தக் குழுவில் சேர்ந்திருக்கவே கூடாது என்று. அப்பா தமிழில் சொல்லச் சொல்லவில்லை. பாட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

அந்த வருஷம்தான் குழு கடைசியாக ஒருமுறை அமெரிக்காவைச் சுற்றிவரப் போவதாகச் செய்தி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு பழைய தேவாலயத்தின் கூடத்தில், ஞாயிறு மதியம் கச்சேரி. என்றைக்காவது அவர்கள் வந்தால் நாம் இருவரும் போவோம் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நாம் இருவரும் என்றால் இருவர் என்றுதான் நான் எண்ணிவைத்திருந்தேன். மூன்று டிக்கெட் வாங்கியிருந்தார். நான் சமையலறையில் நின்று அழுதேன், ஆன்ட்டியும் வந்தால் நான் வரமாட்டேன் என்றேன். ஆன்ட்டி உள் அறையில் இருந்தார். கேட்கட்டும் என்றுதான் சத்தமாக அழுதேன்.

"மூணு பேரும் போறோம்" என்றார் அப்பா. கோபப்படவில்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேச இடம் வைக்காமல் சொன்னார்.

போனோம். கூடத்தில் நீள பெஞ்சுகள். முன்னால் இருவருக்குத்தான் இடம் இருந்தது. யார் பின்னால் போவது என்று அப்பா திரும்புவதற்குள் ஆன்ட்டி இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டார். வந்த காரியம் பாதி ஜெயம் என்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடைக்கு மூன்றே பேர் வந்தார்கள். பேஸ்காரர், மூன்றாவது வயலின்காரர், அந்த இரண்டாவது பாடகி. மூவருக்கும் தலை வெளுத்திருந்தது. வாசிக்க ஆரம்பித்ததும் பெஞ்சு அதிர்ந்தது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

ஆன்ட்டியும் அழுகிறாரா என்று பார்க்கத் திரும்பினேன். அழுதிருந்தால் அதற்கும் பொறாமைப்பட்டிருப்பேன். அவர் அழவில்லை. டிஷ்யூ காகிதத்தைத் திரியாகச் சுருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, ஒரு கையால் நெற்றியை அழுத்தியபடி, மேடையைப் பார்த்துப் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். இடைவேளை வந்ததும் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன், அவருக்கு நம் குழுவைப் பிடிக்கவே பிடிக்காது, எல்லாம் நடிப்பு, போய் அவர் காதைப் பாருங்கள் என்று.

"தெரியும் கண்ணு" என்றார் அப்பா. "அவளுக்கு இந்தச் சத்தமே ஆகாது. ரெண்டு பாட்டு கேட்டா ஒரு நாள் பூரா தலைவலி."

தெரிந்தும் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிடித்துப் படித்த நானும் பிடிக்காமல் நடித்த அவரும் அப்பாவுக்கு ஒன்றா? மீதிக் கச்சேரி முழுக்க நான் பாட்டைக் கேட்கவில்லை.

முடிந்ததும் குழுவினர் மூவரும் வாசலில் ஒரு மேசை போட்டு, தாங்களே இசைத்தட்டு விற்றுக்கொண்டு நின்றார்கள். வரிசையில் எங்கள் முறை வந்தது. ஆன்ட்டி கைப்பையைத் திறந்து, எடிசன் என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் வாங்கிய சரிகை போட்ட பொன்னாடையை எடுத்தார். தமிழ்ச் சங்க விழாக்களில் வருகிற போகிறவர்களுக்கு எல்லாம் போர்த்துவார்களே, அதே பொன்னாடை. சுற்றிலும் நின்ற வெள்ளைக்கார முதியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அவர் போர்த்துவார் என்று பார்த்தால், பொன்னாடையை என் கையில் கொடுத்தார். "நீ போடு கண்ணு. இவங்க எல்லார் கதையும் தெரிஞ்சவ நீதானே."

பாடகிதான் எனக்கு மிக அருகில் இருந்தார். விஷயம் புரிந்தவர்போல் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்தார். நான் அவரைத் தாண்டிப்போய் பேஸ்காரரின் தோளில் போர்த்தினேன். ஆரம்பத்திலிருந்து இருந்தவர் அவர்தான் என்று எனக்கு நியாயம் இருந்தது. அவர் நெகிழ்ந்துபோய் என் கையைக் குலுக்கினார். ஆன்ட்டி பாடகியிடம் போய், அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

திரும்பும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆன்ட்டி தலைவலியோடு சீட்டில் சாய்ந்திருந்தார். அப்பா பாட்டுப் போடவில்லை. பாதி வழியில் ஆன்ட்டி மெல்லத் திரும்பி, "கண்ணு, தேனீ வளர்க்கப் போனாரே, அவரு ஏன் இன்னைக்கு வரல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தலைகீழாகத் தெரியும். கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தேன்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவரு வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லாதீங்க" என்றார் ஆன்ட்டி, என்னை எழுப்பிவிடாத குரலில். "நாளைக்கு அவகிட்டயே கேட்டுக்கறேன்."

இத்தனை படித்தும் அவருக்கு இது தெரியவில்லையே என்று, மூடிய கண்ணுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். நாளைக்கும் சொல்லப்போவதில்லை, எத்தனை நாள் கேட்டாலும் சொல்லப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்தப் பதிலால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை, நான் அவரிடம் வாய் திறந்து பேசினால் போதும் என்றுதான் தலைவலிக்கிற பாட்டையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது, பின் சீட்டில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத் தெரியாது.