அயர்லாந்துக்காரருக்குக் கால் பிடித்த கதை

காற்பந்துக் குழுவில் மசாஜ் வேலை பார்ப்பவனுக்கு ஆட்டக்காரரின் முகத்துக்கு முன்பே அவர் கால் பழக்கமாகிவிடும். அடுத்தவர் காலைப் பிடித்தே குடும்பம் நடத்தும் அன்பர்களே, நீங்களாவது என்னை நம்புவீர்கள்.

வந்த அன்று

மலேசியாவின் ஈப்போவில் எங்கள் குழுவுக்கு ஆட அயர்லாந்திலிருந்து கீரன் வந்தார். தற்காப்பு ஆட்டக்காரர், வயது முப்பத்தாறு. மேசையில் படுத்தவரின் வலது முழங்காலில் மூன்று அறுவைத் தழும்புகள். இடது கணுக்காலுக்குள் இரும்பு ஆணி. எங்கே கை வைப்பதென்று தெரியாமல் நின்றேன். எட்டிப் பார்த்த எங்கள் குழு பஸ் டிரைவர் முனியாண்டி அண்ணன் என் காதோரம் சொன்னார்: "மச்சான், இந்தக் காலைப் பழைய இரும்புக் கடையில கூட எடுக்க மாட்டாங்க லா."

செமோர் திடலில்

பயிற்சியில் எங்கள் புந்தோங் வட்டாரப் பையன் சரவணன்தான் வேகத்துக்குப் பேர் போனவன். அன்று ஒன்பது முறை பந்தோடு பறந்தான். ஒன்பது முறையும் கீரனிடம் பறிகொடுத்தான். கடைசியில் என்னருகே வந்து புல்லில் விழுந்தான். "அவரு ஓடவே இல்லண்ணே. நான் போற எடத்துல முன்னாடியே நிக்கிறாரு."

அரையிறுதி

ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். இன்னும் சில நிமிடங்கள்தான். கார்னர் பந்துக்குத் தாவியதில் எதிரணிப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டு மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தான். நடுவர் கவனிக்கவில்லை. பந்து இன்னும் எங்கள் கோல் முன்னால் துள்ளிக்கொண்டிருந்தது. கீரன் அதற்கு முதுகைக் காட்டி மண்டியிட்டார். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, மூச்சுக்கு வழிவிட்டார். அவர் நிற்க வேண்டிய இடத்தின் வழியாகத்தான் பந்து வலைக்குள் போனது. பெனால்டியில் தோற்றோம். எங்கள் ஆட்களே அவரைத் திட்டினார்கள்.

மறுவாரம் பாரிட் புந்தாரிலிருந்து அந்தப் பையனின் அம்மா தேடி வந்தார். கீரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க பந்தைப் பாத்திருந்தா ஃபைனல் கெடைச்சிருக்கும் தம்பி. எனக்கு எம் புள்ள கெடைச்சிருக்க மாட்டான்."

கடைசி நாள்

அந்த சீசனோடு ஓய்வு என்று சொல்லிவிட்டார் கீரன். கடைசியாக அவர் காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தேன். வீங்கியிருந்த என் கட்டைவிரலைக் கவனித்தவர் எழுந்து, என்னை மேசையில் உட்காரவைத்தார். ஐஸ் வைத்து, மெல்ல நீவிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என் கை யார் கண்ணிலும் பட்டதில்லை. வேண்டாமென்று இழுத்தேன், விடவில்லை. எங்களிடம் பொறுக்கிய தமிழில் அதட்டினார்: "அண்ணே, சும்மா உக்காருங்க லா!"

எத்தனையோ கோல் மன்னர்களுக்குக் கால் பிடித்திருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் தொங்குவதோ எங்களுக்காக ஒரு கோல்கூடப் போடாதவரின் படம்.