கவுஸ் பாயின் சாமை மெஷின்

போன வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் தாண்டி ஒரு சிறுதானிய ஓட்டலில் வண்டியை நிறுத்தினோம். மண்சட்டியில் சாமைத் தயிர்சாதம் வந்தது. மேலே மாதுளை முத்து, வறுத்த முந்திரி. சாமைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்! ருசியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒவ்வொரு வாயையும் கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றுகொண்டிருந்தேன். "பல்வலியா?" என்றாள் மனைவி. பல்வலி இல்லை. கவுஸ் பாயிடம் வேலை பார்த்தவன் சாமையை அப்படித்தான் தின்பான்.

காரிமங்கலம் சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது பாயின் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். தகரக் கொட்டகை, ஒரு லேத், வெல்டிங் செட், வாசலில் அவர் அம்மா பெயரில் ஒரு போர்டு. பாயின் அப்பா சந்தைக்கு வரும் மாடுகளுக்கு லாடம் அடித்தவர். மகன் லேத் போட்டார். தம்பிகள் இருவரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கடலை உரிக்கிற மெஷின் செய்து கொஞ்சம் பேர் எடுத்ததும் சாமைக்குத் தாவினார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த மணியைத் தோல் உரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாய் தரையில் சாக்பீஸால் படம் போடுவார், காலால் அழிப்பார், மறுபடி போடுவார். அவர் லுங்கி எப்போதும் வெள்ளைத் தூளாக இருக்கும்.

ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நான் அவர் முன்னால் போய் நின்ற அன்று, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பசிக்குதா தம்பி?" என்றுதான் கேட்டார். அதுதான் இன்டர்வியூ. அன்றைக்கு அங்கே சோற்று நாள்.

சோற்று நாள் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். மெஷின் முடிந்ததும், பெயின்ட் அடிக்கும் முன் அதில் ஒரு மூட்டை சாமையை ஓட்டுவோம். அரிசி பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்குப் போகும். மதியம் பாயும் தம்பிகளும் நாங்களும் வட்டமாக உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிடுவோம். பல்லில் தோல் நெருடினால் கையைத் தூக்க வேண்டும். மெஷினை மறுபடி பிரிப்பார்கள். சூடேறிய பெல்ட் வாசனையும் உமித்தூசியும் பாயம்மாவின் கறிக்குழம்பு மணமும் கலந்து வரும். பாயின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தக் குழம்புக்கு யார் குறை சொல்லக் கையைத் தூக்குவார்கள்? இன்னொரு கரண்டி கேட்கத்தான் தூக்கினோம்.

பல மாதிரி செய்து பார்த்த பிறகு, விற்பனைக்கென்று முதல் மெஷின் சித்தேரி மலைக்குப் போனது. ஊரே சேர்ந்து வாங்கியது. அங்கே நன்றாக ஓடினால் வத்தல்மலை வரை பேர் பரவும், இல்லாவிட்டால் கொட்டகையைச் சாத்த வேண்டியதுதான் என்று தம்பிகள் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளிலேயே மலையிலிருந்து ஆள் வந்தது. பாதி அரிசியில் தோல் போகவில்லையாம். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு அரூர் போய் மலை பஸ் ஏறினார்.

மெஷினைக் கவனித்துக்கொண்ட மாதம்மாள் சண்டை எதுவும் போடவில்லை. "மொதல்ல சாப்புடுங்க பாய்," என்று அவரையைக் குழம்பாக்கிச் சாமைச் சோறு போட்டாள். வாயில் வைத்ததும் நெருநெருவென்றது. பாய் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"எங்க வூட்ல பொங்குனா இப்பிடி இல்லீங்கம்மா. தின்னு பாத்துட்டுத்தான் அனுப்பறேன்."

"உங்க வூட்ல பொங்கறது யாருங்க?"

"எங்க வூட்டம்மாதான்."

"அவங்க முறத்துல பொடைக்காம, தண்ணியில அரிக்காம ஒலையில போடுவாங்களா? எந்தப் பொம்பளையாவது போடுவாளா? நான் மெஷின்ல உழுந்தத அப்பிடியே பொங்கியிருக்கறேன். பொடைச்சுத் தின்னறதுன்னா எங்களுக்கு எதுக்கு பாய் மெஷினு?"

கொட்டகைக்குப் பின்னால் முறம் சலசலக்கிற சத்தம் ஒவ்வொரு சோற்று நாளும் எங்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்ததுதான். ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. பாயம்மாவை மட்டும் என்ன சொல்வது? சோறு பொங்கு என்றால் அவர் தனக்குத் தெரிந்த மாதிரி பொங்கிப் போட்டார்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்கம்மா," என்றார் பாய். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எனக்கு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மலை இறங்குகிற பஸ்ஸில் பாய் சொன்னார். "தம்பி, இத வூட்ல சொல்லிடாத. தன்னாலதான் கம்பெனிக்குக் கெட்ட பேருன்னு நெனச்சுக்குவா. அவளுக்கு அப்பறம் சோறு எறங்காது."

"உங்க தம்பிங்ககிட்ட?"

"யாருகிட்டயும் வேணாம்."

மறுநாள் காலையில் பாயம்மாவை முறத்தோடு கொட்டகைக்கு வரச் சொன்னார். அதற்குமுன் அவர் அங்கே கால் வைத்ததில்லை. முறத்தைச் சாய்த்து அவர் சுழற்றச் சுழற்ற, தோல் போகாத மணியெல்லாம் தனியாக ஒதுங்கியது. பாய் தரையில் குத்துக்காலிட்டு அந்தச் சாய்வையே பார்த்துக்கொண்டு சாக்பீஸால் கோடு போட்டார். "இன்னொருக்கா... இன்னொருக்கா..." பாயம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்காததையா இப்பப் பாக்கறீங்க?" கொட்டகையே சிரித்தது.

அப்படிப் பிறந்ததுதான் அந்த ஆடும் சல்லடை. சித்தேரி மெஷினை இறக்கி, அதைப் பொருத்தி மேலே அனுப்பினோம். மாதம்மாள் தேன் கொடுத்தனுப்பினாள். மலைமலையாக மெஷின் போனது. அதன்பிறகு சோற்று நாளில் பாய் கொட்டகையிலேயே ஸ்டவ் வைத்து, மெஷினில் விழுந்த அரிசியை அப்படியே ஒரு சின்னப் பானையில் பொங்கிப் பார்ப்பார். இந்த வயசில் சமையல் கிறுக்கு என்று பாயம்மா கேலி செய்வார்.

இப்போது பாய் இல்லை, தம்பிகளும் இல்லை, மாதம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கொட்டகை இருந்த இடத்தில் ஸ்கூட்டர் ஷோரூம். ஓட்டலில் சாப்பிட்ட மறுநாள் மனசு கேட்காமல், தர்மபுரியில் மகன் வீட்டிலிருக்கும் பாயம்மாவைப் பார்க்கப் போனேன். பேத்தியிடம் என்னைக் காட்டினார். "உங்க தாதா என் முறத்தப் பாத்துத்தான் மெஷின் கண்டுபுடிச்சாரு. இவனக் கேளு." ஆமாம் என்றேன்.

பேத்தி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "அத்தன வருசம் இல்லாம, அன்னிக்கு ஏன் திடீர்னு முறத்த எடுத்துட்டு வாடின்னாரு? கேக்கறப்பல்லாம் சிரிச்சே மழுப்பிட்டுப் போயிட்டாரு. நீதான அப்பக் கூட இருந்த, உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியலீங்கம்மா," என்றேன். பாயைப் போலச் சிரிக்க எனக்கு வரவில்லை.