நான்காவது மூக்கு

மூன்றாவது மூக்கும் தேறவில்லை என்ற செய்தி வந்தபோது அவள் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லுக்கு மெழுகில் மேடு பள்ளம் செதுக்கிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவள் வேலை. இரண்டு கையும் மெழுகாக இருந்ததால் முழங்கையால் போனைத் தட்டி, வந்திருந்த குரலை ஓடவிட்டாள்.

"மூக்கு நல்லாத்தாம்மா இருக்கு. குத்தமே சொல்ல முடியாது. ஆனா இது அவர் இல்ல. வேற யாரோட மூக்கோ மாதிரி இருக்கு. நான் மட்டும் சொல்லல, எங்க குழுவுல பதினோரு பேரும் இதையேதான் சொல்றாங்க. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு, என்ன?"

பேசியவர் ஒரு வங்கியில் காசாளர். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை அனுப்பும் பதினோரு பெற்றோருக்கும் சேர்த்து அவர்தான் வாய். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேருந்தை ஓட்டுகிறவர் சனிக்கிழமை மதியத்தோடு ஓய்வு பெறுகிறார். ஏறி இறங்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "பாத்து, பாத்து" என்று சொல்வதால் அவருக்குப் பாத்துத் தாத்தா என்று பெயர். ஓய்வு நேரத்தில் பொம்மை செய்யும் இவளைக்கொண்டு அவரையே உள்ளங்கை உயரப் பொம்மையாகச் செய்து அவர் கையில் கொடுப்பது என்று பதினோரு பேரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். ரகசியமாகச் செய்வது என்பதையும் கூடவே முடிவெடுத்துவிட்டார்கள். அங்கேதான் இவள் தலையில் இடி விழுந்தது. ரகசியம் என்பதால் அவரிடம் ஒரு புகைப்படம் கேட்க வழியில்லை. குழுவில் தேடித் துருவி அனுப்பிய படங்கள் ஒன்பது. ஆறில் அவருடைய பின்னந்தலை. இரண்டில் அவர் முகத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பிள்ளையின் முகம். மிச்சமிருந்த ஒன்றில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சரி, வாயாலாவது சொல்லுங்கள் என்றால், ஒருவர் கிளிமூக்கு என்றார். இன்னொருவர் சப்பை என்றார். மூன்றாமவர், "மூக்குன்னு தனியா எதுவும் ஞாபகம் இல்லங்க" என்றார். தினமும் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் ஆளின் மூக்கை ஒருவர்கூடப் பார்த்து வைக்கவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆளை அவள் அடியிலிருந்து செய்வதில்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை வாங்கி, வேண்டாததை அறுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்து, வேண்டியதை எபாக்ஸி களிமண்ணால் ஏற்றுவாள். அந்தக் களிமண் இரண்டு உருண்டைகளாக வரும். சரிக்குச் சரி எடுத்து, இரண்டு நிறமும் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். பிசைந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரம் அது சொன்ன பேச்சைக் கேட்கும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவினால் கன்னம் வரும், மழுங்கிய மெழுகுக் கத்தியால் கீறினால் சட்டை மடிப்பு வரும். அதற்கப்புறம் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்து, மறுநாள் கல்லாகிவிடும். இந்தத் தடவை அகப்பட்டது ஒரு பயில்வான் பொம்மை. தோளைச் சீவி, மார்பைத் தேய்த்து, களிமண்ணில் ஒரு தொந்தியும் காலர் சட்டையும் போட்டு, மரத்துண்டில் செய்த ஓட்டுநர் இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள்.

"பயில்வானை ஒரே வாரத்துல ரிட்டயர் பண்ணி உக்கார வச்சிட்டியே," என்றார் அப்பா.

அப்பா குழாய் வேலை பார்க்கிறவர். அவரிடமும் இரண்டு பங்கைச் சேர்த்துப் பிசையும் ஒரு மாவு உண்டு, ஒழுகும் குழாயை அடைக்க. அது பத்தே நிமிடத்தில் இறுகும். அதனால் மகளுடைய களிமண்ணின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "ஒரு நாள் பூரா காயுறதுக்குப் பேரு மாவா? அதுக்குள்ள வீடே முழுகிடும்" என்பார். பொம்மைக்கு எங்கே ஒழுகுகிறது என்று அவளும் பலமுறை கேட்டாயிற்று.

இதெல்லாம் அவள் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது அலமாரி. வீட்டில் இரண்டே அறை. ஜன்னல் ஓரத்தில் அவள் மேசை. அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம். புதுப்பெண்ணுக்கென்று வாங்கிய அலமாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அம்மா டேப்பைப் பிடித்து நாலு சுவரையும் அளந்துவிட்டு, ஜன்னல் சுவர்தான் சரியாக வரும் என்று சொல்லிவிட்டாள். வேறெங்கும் அந்த வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாமல் அரிசி அளவு கண்ணிமையைச் செதுக்க முடியாது. மேசை போனால் பொம்மை வேலையும் போயிற்று.

"படிச்சது பல்லு. பண்றது பொம்மை. எதுக்குடி மேசை?" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனாலேயே எதைச் செய்தாலும் 'படிச்ச பொண்ணு' என்று ஆரம்பித்துத்தான் பேச்சு வரும். அம்மாவின் கேள்வியை அவளும் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். இது வேலையா, விளையாட்டா? விளையாட்டு என்றால் ஒரே மூக்கை மூன்று தடவை தேய்த்துத் தேய்த்துச் செய்வானேன்? வேலை என்றால் அதை வீட்டில் உரக்கச் சொல்ல ஏன் கூச்சம்? அம்மாவே ஒரு வழி சொன்னாள்.

"சரி, ஒண்ணு செய். சனிக்கிழமை அந்தம்மா வந்து வாங்கறப்ப, 'இது அவரேதான்'னு அவங்க வாயால வரணும். வந்துதுன்னா அலமாரியைக் கூடத்துல போட்டுக்கறேன். நடமாட்டத்துக்கு எல்லாரும் ஒருக்களிச்சு நடங்க. வரலேன்னா மேசை கட்டிலுக்கு அடியில போகும்."

"அம்மா, அவங்க பதினோரு பேரும்மா."

"பதினோரு பேருக்கும் புடிக்கிற மாதிரி செய்யத்தான் உன்னைப் படிக்க வச்சோம்."

வியாழக்கிழமை காலை, வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அவள் பேருந்து நிற்கும் தெருமுனைக்குப் போய்ப் பெற்றோர்களோடு பெற்றோராக நின்றாள். பேருந்து வந்து ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கதவின் படியில் ஏறும் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாக, ஓட்டுநர் கதவுப் பக்கம் சாய்ந்து "பாத்து, பாத்து" என்றார். அவள் கண்கொட்டாமல் மூக்கை மட்டும் பார்த்தாள். நடுவில் சின்ன மேடு, நுனி கொஞ்சம் கீழே, இடது பக்கம் ஒரு மரு. கதவு மூடியது. மூக்கு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் மருத்துவமனைக்கு நடந்தே போனாள்.

அன்று மாலை மூன்றாவது மூக்கைத் தேய்த்தெடுத்து நான்காவதை ஏற்றினாள். அது அவருடைய மூக்கேதான், மரு உட்பட. வழக்கம்போல முகத்தை மட்டும் அருகில் வைத்துப் படமெடுத்து அனுப்பினாள்.

"கிட்டத்தட்ட வந்துட்டம்மா," என்றது காசாளரின் குரல். "ஆனா இன்னும் அவர் வரல."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அசல் மூக்கை வைத்தும் அவர் வரவில்லை என்றால் இனி எங்கே போய் அழைத்து வருவது?

வெள்ளிக்கிழமை காலை மழை. குளிரில் களிமண் இறுகச் சோம்பல் படும். விரல் நகத்தால் தொட்டால் மூக்கோரம் இன்னும் பள்ளம் விழும் பதத்தில் இருந்தது. "யாரும் இதைத் தொடாதீங்க, மேசைப் பக்கமே போகாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். மழை என்பதால் அப்பாவுக்கு அன்று வேலை இல்லை. அதை அவள் யோசித்திருக்க வேண்டும்.

மாலை வந்து பார்த்தபோது பொம்மை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. விழவில்லை, இருக்கையில் உட்கார்ந்தபடியே இடுப்புக்கு மேலே வளைந்திருந்தது. ஒரு தோள் மேலேறி, கழுத்து நீண்டு, தொந்தி ஓரமாகப் பிதுங்கியிருந்தது. விலாவில் சட்டை நகக்கண் அகலத்துக்குப் பிளந்திருந்தது. மேசைக்குக் கீழே அப்பாவின் சூட்டுத் துப்பாக்கி. பிளாஸ்டிக் குழாயை வளைக்கச் சூடான காற்றை ஊதும் கருவி.

"அப்பா."

"முகம் நல்லா கல்லு மாதிரி ஆயிடுச்சு பாரு," என்றார் அப்பா அடுத்த அறையிலிருந்து. வெளியே வரவில்லை.

"உடம்பு பிளாஸ்டிக்குப்பா. அனல் பட்டா இளகும். களிமண் தலை கனம், இழுத்துட்டுச் சாஞ்சிருக்கு. தினம் தினம் குழாய வளைக்கிற உங்களுக்கே இது தெரியாதா?"

அப்பாவின் தலை மட்டும் கதவோரம் எட்டிப் பார்த்தது.

"பொம்மைன்னு நெனச்சேம்மா. குழாய்னு நெனைக்கல."

அவளுக்கு அழுகை வரவில்லை. அழக்கூட நேரம் வேண்டுமே. நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க வருகிறார்கள். மெதுவாக நிமிர்த்திப் பார்த்தாள். விலாவில் டிக்கென்று ஒரு சத்தம், பிளவு இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது. அப்பா அதற்குள் வாசற்படி வரை வந்திருந்தார்.

"விடும்மா. குழாயா இருந்தாலும் ரெண்டாவது தடவை வளைச்சா ஒடைஞ்சிடும்."

"இப்ப மட்டும் குழாயா?"

அவளுடைய களிமண்ணால் பிளவை அடைத்தால் காலைக்குள் இறுகாது. வேறு வழியில்லாமல், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே கையை நீட்டினாள். "உங்க மாவு கொஞ்சம் குடுங்க."

அப்பா கேட்டதற்கு மூன்று பங்கு பிசைந்து கொண்டுவந்தார். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து சாம்பலாகி, நாற்றத்தோடு அது பிளவில் போய் உட்கார்ந்தது. மேலே சட்டை மடிப்பைக் கீறுவதற்குள் இறுகவும் தொடங்கியது. பத்து நிமிடத்தில் விலா சரியாயிற்று. அதைக் கண்டு அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

பொம்மை சாய்ந்தபடியே நின்றுவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் சட்டைக்கு வண்ணம் அடித்தாள், இருக்கைக்கு அடித்தாள், கடைசியாக முகத்துக்கு அடித்தாள். முகம் காயவில்லை. தூசி படாமலிருக்க, மருத்துவமனையில் வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் சின்னக் காகிதக் கோப்பை ஒன்றைத் தலைக்கு மேல் கவிழ்த்துவைத்தாள். அம்மா டேப்போடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்குக் காசாளர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே அறைக்குள் வந்தவர் மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது.

"ஐயோ," என்றார் மெல்ல. "இது அவரேதான்."

தலையில் இன்னும் கோப்பை இருந்தது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கோப்பையைப் பார்த்தாள்.

"எப்படிம்மா புடிச்ச?" காசாளர் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தினமும் இப்படித்தான். பிள்ளைங்க காலு படிய விட்டு ஏறுற வரைக்கும் அப்படியே சாஞ்சு, கழுத்தை நீட்டிக்கிட்டு. நாங்க கதவுப் பக்கம் நின்னு பாக்கறது இதைத்தான். என் பொண்ணு முதல் நாள் ஏறினப்பவும் இப்படித்தான் இருந்தார்." கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

அவளுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அவள் கண்ணெதிரேதான் அவர் அப்படிச் சாய்ந்தார். அவள் மருவை எண்ணிக்கொண்டிருந்தாள். மூக்கைப் பார்த்து வைக்காத பதினோரு பேரையும் நான்கு நாளாகத் திட்டியவள், எதைத்தான் பார்த்தாள்?

கோப்பையை எடுத்தாள். காசாளர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மூக்கு மட்டும்..." என்று இழுத்தார்.

"இருக்கட்டுங்க," என்றாள் அவள். சத்தம் தேவைக்கு மேல் வந்துவிட்டது.

பொம்மையை வைத்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காசாளர் போனதும் அம்மா கூடத்துக்குப் போய் டேப்பை நீட்டி, வாசலுக்கும் சுவருக்கும் நடுவே அளந்தாள். "ஒருக்களிச்சுத்தான் நடக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

அப்பா மேசையில் மிச்சமிருந்த தன் மாவை விரலால் தட்டிப் பார்த்தார். கல்லாகியிருந்தது.

"அடுத்த பொம்மை யாரு?"

"யாரா இருந்தா என்ன?"

"இல்ல, கொஞ்சம் வளைக்கணும்னா சொல்லு."

அவள் மேசைக்கடியில் குனிந்து சூட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். தன் இழுப்பறையில் வைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வேணும்மா அது," என்றார் அப்பா.

"கேட்டு வாங்கிக்குங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தாள்.