தட்டில் வராத இறைச்சி

0.06. 2013 செப்டம்பரில் தலைநகர் ஆய்வகத்திலிருந்து வந்த தாளில், ரூனா என்ற ஏழு வயதுச் சிறுமியின் பெயருக்கு எதிரே இருந்த எண் இது. டெட்டனஸைத் தடுக்கும் எதிர்ப்புச் சத்து ரத்தத்தில் 0.1 ஆவது இருந்தால்தான் நிம்மதி. ரூனாவுக்கு நான்கு தடுப்பூசிகளும் தேதி தவறாமல் போடப்பட்டிருந்தன. நான்கையும் போட்டவர் டூரி.

டூரிக்கு நாற்பத்தாறு வயது. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளின் தென்கோடியில் மூன்று கிராமங்களுக்கு அவர்தான் செவிலியர். இளமையில் ஊர்ப் பெண்கள் ஹேண்ட்பால் அணியின் கோல் கீப்பர். இப்போதும் கதவு நிறைய நிற்பார். குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கும்போது வீட்டு ஆடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்வார். ஏழாவது ஆட்டைத் தாண்டுவதற்குள் குழாய் நிறைந்துவிடும். அழுத குழந்தைகள் குறைவு.

அந்த ரத்தம் ஓர் ஆய்வுக்குப் போகிறது. மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமலிருக்கவும் வாணலியில் மீன் ஒட்டாமலிருக்கவும் எங்கோ பெரிய நாடுகளில் பூசுகிறார்களே, அந்த ரசாயனங்கள் கடலில் இறங்கி, மீனுக்குள் போய், மீனைத் தின்னும் திமிங்கலத்தில் சேர்ந்து, எங்கள் தட்டுக்கு வருகின்றன. அவை அதிகமுள்ள குழந்தைகளிடம் தடுப்பூசியின் பலன் குறைவாகத் தெரிகிறது. ஏன் என்று ஆராய்கிறார்கள்.

ரூனாவின் ரத்தத்தில் ரசாயனமும் அதிகம். ஆனால் வீட்டார் நிரப்பிய படிவத்தில் ‘திமிங்கல உணவு: மாதம் ஒருமுறை’ என்று இருந்தது. டூரிக்கு அது உறுத்தியது. கூடுதல் ஊசி ஒன்று போடலாம் என்று மருத்துவர் எழுதிவிட்டார். பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா ஹொக்னி.

ஹொக்னி எங்கள் விரிகுடாவின் திமிங்கல வேட்டைத் தலைவர். திமிங்கலக் கூட்டம் தெரிந்ததும் படகுகளை ரேடியோவில் அழைத்து, எந்தப் படகு எங்கே நிற்பது என்று சொல்பவர். டூரியோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த வீட்டில் அக்டோபரில் ஆடறுப்பு. ரூனாவும் கத்திகளுக்கும் கம்பிவேலிக்கும் நடுவில்தான் திரிவாள். ஒரு கீறல் போதும். அதற்குள் ஊசி போட்டுவிட வேண்டும் என்பதுதான் டூரியின் அவசரம்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் போனபோது ரூனா காற்றுக்கொட்டகையின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பலகைகளுக்கு இடைவெளி விட்டு அடித்து, இறைச்சியைக் காற்றில் உலர்த்தும் கொட்டகை அது. அவள் வாயில் கறுப்பாக ஒரு கீற்று. திமிங்கல இறைச்சி, காய்ந்தது. சட்டைப்பையில் இன்னும் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன.

டூரி அப்படியே நின்றுவிட்டார். ஒன்பது வருடங்களாகப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வீடாகக் கேட்ட கேள்வி, ‘மாதத்தில் எத்தனை நாள் திமிங்கலம் சாப்பாடு?’ என்பது. எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் உருளைக்கிழங்கோடு தட்டில் வருவது. கொட்டகையில் பிய்த்து மென்றுகொண்டே போவது சாப்பாட்டில் சேராது. டூரியும் அப்படி மென்று வளர்ந்தவர்தான், அவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கீற்று என்று கேட்டார். ரூனா இரண்டு விரல் காட்டினாள். உள்ளேயிருந்து வந்த அவள் அம்மா மார்யுன், மறு கையையும் காட்டு என்றார்.

ஹொக்னி தாளை இரண்டு தரம் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“படிவத்துல பொய் எழுதுனேன்னு சொல்ல வந்தியா?”

“இல்ல. நான் தப்பா கேட்டேன். கேட்டதுக்கு நீ சரியாத்தான் பதில் சொன்ன.”

“பரவாயில்லையே, டூரி தப்புன்னு ஒத்துக்கிட்டா. மார்யுன், தேதிய குறிச்சு வை.” பிறகு சிரிப்பு நின்றது. “திமிங்கலத்தாலதான் இவளுக்கு இப்பிடின்னு உறுதியா சொல்வியா?”

“மாட்டேன். நூத்துக்கணக்கான புள்ளைங்கள சேத்துப் பாத்தாத்தான் அது தெரியுது. ஒத்தப் புள்ளைய வச்சுச் சொல்ல முடியாது.”

“சரி. நாலு ஊசி போட்டும் ஏறல. ஏறாத ஊசிய அஞ்சாவது தடவ எதுக்குக் குத்தணும்?”

டூரி கோப்பையை எடுத்தார். காபியை ஒரு வாய் குடித்தார்.

“போன ஆகஸ்ட்ல கூட்டம் வந்தப்ப எத்தனை படகக் கூப்பிட்ட?”

“இருபது.”

“முதல்ல எத்தனை வந்துச்சு?”

“எட்டு. பாதிப் பேரு ரேடியோவ அணைச்சிட்டுத் தூங்கிட்டானுங்க.”

“கூப்பிட்டுப் பிரயோஜனமில்லன்னு வீட்டுக்குப் போயிட்டியா?”

“ஃபோன்ல மறுபடி கூப்பிட்டேன். வந்தானுங்க.”

“ஊசியும் அதுதான் ஹொக்னி. உடம்பக் கூப்பிடுது. இவ உடம்பு கொஞ்சம்தான் வந்திருக்கு, வராம இல்ல. இன்னொரு தடவ கூப்பிட்டா வரும். எனக்கு நம்பிக்கை இருக்கு.”

ஹொக்னி கையெழுத்துப் போடப் பேனா தேடினார். அதற்குள் மார்யுன் போட்டு முடித்திருந்தார்.

கீற்றை நிறுத்தினால் ரசாயனம் எப்போது போகும் என்று மார்யுன் கேட்டார். பாதி குறையவே சில வருடங்கள் ஆகும், அதனால்தான் இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றார் டூரி. பிள்ளை பெறப்போகிறவர்களும் தின்னக் கூடாது, தாயிடமிருந்து சேய்க்குப் போகும் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்படியானால் நீ என்று ஹொக்னி இழுத்தார். தனக்கு நாற்பத்தாறாகிவிட்டது, தன் பங்குத் திமிங்கல இறைச்சியை யாரும் தொட வேண்டாம் என்றார் டூரி.

மறுநாள் காலை அவர் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘கொட்டகையில் மென்றது, ஒரு நாளைக்கு எத்தனை கீற்று?’ தலைநகர ஆய்வாளர்களுக்குத் தன் தவறைத் தெரிவித்துவிட்டு, ஆய்விலுள்ள அறுபத்து மூன்று வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்கினார். மதியத்துக்குள் பதினொரு வீடுகள் முடிந்தன. ஒன்பதில் திமிங்கலக் கணக்கு ஏறியது.

ரூனாவுக்கு ஐந்தாவது ஊசி வியாழக்கிழமை காலை. ஆறு வாரம் கழித்து டூரி மறுபடி ரத்தம் எடுப்பார்.