துப்பரவாக்கிய குளம்

சென்ற வருடம் நவம்பர் மாதம் ஒன்பதாம் திகதி, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, தூறல் மட்டும் மிஞ்சியிருந்தது. கரவெட்டியில் நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டின் பின்வளவில், சுகாதாரப் பரிசோதகர் வெள்ளை அகப்பை ஒன்றால் என் குளத்துத் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். அதற்குள் நெளிந்தவற்றை நானும் எண்ணினேன். பதினேழு நுளம்புக் குடம்பிகள்.

“தம்பி, போன மாதம்தான் துப்பரவாக்கினனான்” என்றேன்.

“அதுதான் ஐயா பிரச்சினை. டெங்கு நுளம்புக்குத் துப்பரவான தண்ணிதான் விருப்பம். மீன் எங்கை?”

கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பதினொரு வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, எழுபதாவது வயதில் வாங்கிய முதல் சொந்த வீடு இது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், இரண்டு அடி ஆழத்தில் அந்தச் சீமெந்துக் குளமும் வீட்டோடு வந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிணறுதான். வருடத்துக்கு ஒருமுறை இறைத்து, சேறு எடுத்து, குளோரின் போடுவோம். குளத்துக்கும் அதையே செய்தேன். கூலிக்கு ஆள் பிடித்துப் பாசியெல்லாம் தேய்த்துக் கழுவினேன். பாத்திரத்தில் எடுத்து வைத்த இருபத்தாறு மீன்களையும் மறுநாள் காலை திரும்ப விட்டேன். பின்னேரம் இருபத்தாறும் மிதந்தன.

“கரும்பலகை மாதிரித் துடைச்சுப் போட்டியள்” என்றாள் மனைவி.

பரிசோதகர் நோட்டீஸை எழுதிக்கொண்டே சொன்னார். “இந்த ஒழுங்கையிலை ரெண்டு பேருக்கு டெங்கு. நான் இண்டைக்கே வழக்குப் போடலாம். பதினாலு நாள் தாறன். மீனை விட்டு, சேறு, பாசியிலை கை வையாமல் இருங்கோ. ஏலாட்டி மூடுங்கோ.”

மத்தியானமே மனைவியின் தம்பி வந்துவிட்டார். “அத்தான், ஒரு லோட் மண் கொட்டினா அலுவல் முடிஞ்சுது. மேலை கத்தரி வையுங்கோ.”

நல்ல யோசனைதான். ஆனால் பதினொரு வீடுகளில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டவன் நான். எனக்கென்று கிடைத்த ஒன்றை, பராமரிக்கத் தெரியாது என்பதற்காக மூடுவதா? மாட்டேன் என்றேன்.

அன்றே, குடம்பி தின்னும் ‘குப்பி’ என்ற சின்ன மீன்கள் பத்து வாங்கிவந்தேன். ஊர்க் குளத்தில் இரண்டு வாளி சேறும் ஓர் ஆம்பல் கிழங்கும் எடுத்துவந்து போட்டேன். காலையும் மாலையும் தேத்தண்ணி வடியால் குடம்பிகளை அரித்து எடுத்தேன். “இனி அந்த வடியிலை எனக்குத் தேத்தண்ணி வேண்டாம்” என்றாள் மனைவி. ஆறாம் நாள் வடியில் ஒன்றும் விழவில்லை. தண்ணீர் பச்சையாகத் தொடங்கியது.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. பரிசோதகர் வருவதற்கு முதல்நாள் எனக்கு இருக்க முடியவில்லை. பாடசாலைக்குப் பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்றால், முதல்நாள் கூட்டிக் கழுவி வைப்பதுதான் முப்பத்துமூன்று வருடப் பழக்கம். இந்தப் பாசியை எப்படிக் காட்டுவது? ஓரத்தை மட்டும் தேய்ப்போம் என்று பிரஷைத் தேடினேன். காணவில்லை.

“எங்கையப்பா பிரஷ்?”

“நாளைக்குப் பரிசோதிக்க வாற தம்பி போன பிறகு தாறன்” என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து. “இப்ப போய் இருங்கோ.”

கதிரையைக் குளத்தருகில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் பரிசோதகர் ஐந்து இடங்களில் அள்ளினார். ஒரு குடம்பியும் இல்லை. ஐந்தாவது அகப்பையில் கண் மட்டும் தெரியும் ஒரு மீன்குஞ்சு இருந்தது. நான் விடாத மீன். என் கணக்கில் இல்லாத பதினோராவது. அதை மெதுவாகத் திரும்ப விட்டுவிட்டு, “இப்பதான் ஐயா இது குளம்” என்றார்.

பிரஷ் பிறகும் என் கைக்கு வரவில்லை, நான் கேட்கவுமில்லை. சில பொருட்களை நன்றாக வைத்திருப்பதென்றால் நம் கையை அடக்கி வைத்திருப்பதுதான் என்று தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அதைப் படிக்க எனக்கு ஆன மொத்தச் செலவு ஐயாயிரத்து ஐம்பது ரூபா: குளத்தைத் துப்பரவாக்க நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது, அதைக் குளமாக விட்டுவைக்க நானூறு.