உச்சிக்குழி

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் தம்பியைக் காரோடு ஊரில் எங்கள் வீட்டில் பஞ்சில் பொதிந்து ஒரு பனையோலைக் கடவத்துக்குள் வைத்திருந்தார்கள். எதற்கும் பயப்படுகிற பிள்ளை நான். அவனுக்குக் காவலிருக்கத்தான் என் படிப்பை நிறுத்தினார்கள். உச்சிக்குழி துடிக்கும்வரை உயிர் உண்டு என்று சித்தி சொல்லிவிட்டதால், நொடிக்கொரு தரம் அங்கே விரல் வைத்துப் பார்ப்பேன்.

ஒரு காலையில் குழியைக் காணவில்லை. அந்த இடம் மேடாகியிருந்தது. அலறினேன்.

"கரையாத மக்கா. குழி நெறஞ்சா பிள்ள தேறுதுன்னாக்கும்," என்றாள் சித்தி. அம்மா கர்த்தரைத் துதித்தாள். மாமா எனக்குச் சர்க்கரைத்துண்டு கொடுத்தார். மத்தியானம் தம்பி பால் குடிக்கவில்லை. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

மாமா எல்லைப் போராட்டக்காரர். ஊர் தமிழ்நாட்டோடு சேரும்வரை மலையாளம் பேசுவதில்லை என்று சபதம் வேறு. பஸ் போகாதிருக்க முந்தின நாள் அவரே ஆள் கூட்டி ரோட்டில் அயனிமரத்தை வெட்டிப் போட்டிருந்தார். கடவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த மரத்தின்மேல் அவரே ஏறி இறங்கினார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியை வளைத்துப் பிடிக்கச் சொல்லி, முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். கண்ணாடிக் குழலில் அது கஞ்சித்தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. மூளையைச் சுற்றிய நீரில் கிருமி, அதனால்தான் உச்சி வீங்கியது என்றார். "முதுகில குத்தினா நொண்டியாயிருவான்," என்று நான் அழுதேன். புதிதாக வந்த கிருமி மருந்தை ராவும் பகலும் ஊசியில் ஏற்றினார்கள். மலையாளத்து நர்சு ஒருத்தி பாலைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். அந்தக் கைகளை நினைக்காமல் இன்றும் நான் ஜெபம் முடிப்பதில்லை.

ஒரு காலையில் மாமா அவள் முன்னால் போய் நின்றார். "சிஸ்டரே, குஞ்ஞு பாலு குடிச்சோ?"

"குடிச்சாச்சு அண்ணாச்சி," என்றாள் அவள் தமிழில். "இனி உங்க எல்லைச் சமரத்துக்குப் போயிக்கோங்க."

மறுபடி முதுகில் நீர் எடுத்தபோது டாக்டர் குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளே தெளிந்த கிணற்றுத் தண்ணீர் போல ஒன்று. அதைப் பார்த்து அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெறும் தண்ணீருக்கு ஏன் இந்தப் பாடு என்று எனக்கு விளங்கவில்லை.

பயந்துபோய்த் தம்பியின் உச்சியில் விரல் வைத்தேன். பழைய குழி திரும்ப விழுந்திருந்தது. பிள்ளை மெலிந்துவிட்டான் என்று நான் போட்ட கூப்பாட்டில் வார்டே சிரித்தது.